பிரிந்த குடும்பத்தை ஒரு பாட்டு சேர்த்துவைக்குமா?

கேள்வி இது: "ஒரு குடும்பக் கதையைத் திரைக்கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா, ஆறு வயது மகன், ஒன்றரை வயது மகள். ஒரு வெள்ளத்தில் மூவரும் மூன்று பக்கமாகப் பிரிந்துபோகிறார்கள். இருபது வருடம் கழித்து, அம்மா அந்தக் காலத்தில் பாடிய தாலாட்டு அவர்களை ஒன்றுசேர்க்கிறது. படித்துப் பார்த்தவர்கள் 'அரதப் பழசு, நம்பவும் முடியவில்லை' என்கிறார்கள். நிஜத்தில் இப்படி நடக்க வாய்ப்பு உண்டா? நம்பும்படி எழுத என்ன செய்ய வேண்டும்?"

பழசு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். லவனும் குசனும் வால்மீகியிடம் கற்றதைப் பாடிக்கொண்டே போய், அசுவமேத யாகம் நடக்கும் இடத்தில், பெற்ற தகப்பன் முன்னாலேயே அவனுடைய கதையைப் பாடினார்கள். சினிமாவில் 1973-ல் இந்தியில் வந்த 'யாதோன் கி பாராத்'தும், அதைத் தழுவி 1975-ல் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த 'நாளை நமதே'யும் மூன்று அண்ணன் தம்பிகளை ஒரே குடும்பப் பாட்டில் கட்டிப்போட்டன. அதற்கப்புறம் எத்தனையோ படங்கள் அதே வழியில் போய், குடும்பப் பாட்டு என்றாலே தியேட்டரில் சிரிப்பு வருகிற நிலைமை ஆகிவிட்டது. ஆனால் உங்கள் கதைச் சுருக்கத்தில் எனக்கு இடித்தது அந்தப் பழமை இல்லை. இருபது வருடம் அந்தப் பாட்டு எங்கே இருந்தது?

அம்மா பாடினாள், பிள்ளைகள் பிரிந்தார்கள், இருபது வருடம் போனது, பாட்டு திரும்பி வந்தது. நடுவில் அது யார் வாயில் இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. நினைவில் இருந்தது என்பீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தையின் நினைவில் ஒரு பாட்டு இருபது வருடம் சும்மா உட்கார்ந்திருக்காது. யாரோ ஒருவர் அதைப் பாடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அது யார் என்று முடிவு செய்தால், கதையில் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும்.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், குழந்தைகளுக்குப் பாட்டு எவ்வளவு தூரம் நினைவிருக்கும் என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆரம்பம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் அம்மா திரும்பத் திரும்ப உரக்கப் படித்த கதையை, பிறந்த சில நாளே ஆன குழந்தைகள் புதுக் கதையைவிட விரும்பிக் கேட்டன என்று 1986-ல் ஓர் ஆய்வு வந்தது. 2013-ல் பின்லாந்தில் இன்னொன்று: கடைசி மூன்று மாதங்களில் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டை வயிற்றிலிருந்தே அடிக்கடி கேட்ட குழந்தைகளுக்கு, பிறந்தபோதும் நான்கு மாதம் ஆனபோதும், அந்த மெட்டைக் கேட்டால் மூளையின் மின் அலைப் பதிவு மற்றக் குழந்தைகளைவிட வலுவாக இருந்தது. உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது 2016-ல் அமெரிக்காவில் வந்தது. ஐந்து மாதக் குழந்தைகளுக்குப் பெற்றோர் ஒன்றிரண்டு வாரம் ஒரு புதுப் பாட்டைப் பாடிக் காட்டினார்கள். பிறகு முன்பின் தெரியாத இருவர் தலா ஒரு பாட்டுப் பாடினார்கள். பாடி முடித்ததும், வீட்டுப் பாட்டைப் பாடியவரையே குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. அதே பாட்டை ஒரு பொம்மையிடமிருந்து கேட்டுப் பழகியிருந்தால் அந்த ஈர்ப்பு இல்லை. பாட்டு தெரிந்ததாக இருந்தால் போதாது, நம் ஆள் பாடியதாகவும் இருக்க வேண்டும் என்று ஐந்து மாதத்திலேயே கணக்கு வைத்திருக்கிறார்கள் இந்தப் பொடிசுகள். எட்டு மாதத்துக்கு மேல் கழித்துச் சோதித்தபோதும் மெட்டு மறந்திருக்கவில்லை.

சரி, எட்டு மாதம். இருபது வருடத்துக்கு ஆதாரம் கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தது எதுவும் பெரியவர்களான பிறகு நினைவில் நிற்பதில்லை. ஆகவே உங்கள் சின்னப் பெண், இருபத்தொரு வயதில் திடீரென்று மேடையில் ஒரு தாலாட்டைக் கேட்டு "அம்மா!" என்று ஓடுவதை எழுதாதீர்கள். மூத்தவன் விஷயம் வேறு. ஆறு வயதில் தினமும் கேட்ட பாட்டு தாராளமாகத் தங்கும். ஆனால் ஆறு வயதுக் காது கேட்டபடிதான் தங்கும். வரிகளைத் தப்பாகக் காதில் வாங்கி, தனக்குப் புரிந்த சொல்லைப் போட்டு நிரப்பி வைத்திருப்பான். அந்தத் தப்பை விட்டுவிடாதீர்கள், பின்னால் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

பாட்டை யாரோ பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். அதற்கு நான் அறிந்தவரை மிகச் சிறந்த உதாரணம் நிஜ வாழ்க்கையில் நடந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கல்லா மக்கள் வாழ்கிறார்கள். 1930-களின் தொடக்கத்தில் லொரென்சோ டவ் டர்னர் என்ற மொழியியல் அறிஞர் அங்கே அமேலியா டாலி என்ற பெண்மணி பாடிய ஒரு குட்டிப் பாட்டைப் பதிவு செய்தார். அமேலியாவுக்கு அதன் அர்த்தம் தெரியாது. அம்மா பாடினாள், தானும் பாடுகிறாள், அவ்வளவுதான். பிறகு தெரியவந்தது, அது மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோனில் பேசப்படும் மென்டே மொழிப் பாட்டு என்று. பல பத்தாண்டுகள் கழித்து, ஆய்வாளர்கள் அந்த ஒலிப்பதிவைத் தூக்கிக்கொண்டு சியரா லியோனில் ஊர் ஊராகப் போனார்கள். கடைசியில் ஒரு கிராமத்தில் பெண்டு ஜபாட்டி என்ற பெண்மணி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கூடப் பாட ஆரம்பித்தார். அவர் பாட்டி அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு. உள்நாட்டுப் போர் குறுக்கிட்டதால் இழுத்துக்கொண்டே போய், 1997-ல் அமேலியாவின் மகள் மேரி மோரன், வயதான காலத்தில், குடும்பத்தோடு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் கதையில் என்னை அசைத்தது வேறொரு விவரம். அது சாவுச் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு. அந்தச் சடங்கே வழக்கொழிந்து போன பிறகும் பெண்டுவின் பாட்டி அந்தப் பாட்டை விடவில்லை. தொலைந்துபோன சொந்தங்கள் ஒருநாள் திரும்பி வருவார்கள், இந்தப் பாட்டை வைத்துத்தான் அவர்களை அடையாளம் கண்டுகொள்ள முடியும் என்று சொல்லிப் பேத்திக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கடலுக்கு இந்தப் பக்கம் அர்த்தம் தெரியாமல், அந்தப் பக்கம் காரணம் தெரிந்து, இரண்டு வரிசைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிக்கொண்டே இருந்ததால்தான் கடைசிச் சந்திப்பு நடந்தது. இதில் அற்புதம் எதுவும் கிடையாது, விடாப்பிடியான உழைப்பு இருக்கிறது.

உங்கள் கதைக்கு வருவோம். ஒன்றரை வயதுப் பெண் தெரியாத வீட்டுக்கு வருகிறாள். முதல் சில இரவுகள் தூங்காமல் அழுகிறாள். அழுகைக்கு நடுவே அரைகுறையாக ஏதோ ஒரு மெட்டை முனகுகிறாள். அந்த வயதுக் குழந்தைக்குப் பழகிய பாட்டில் ஒரு துண்டை முனக வரும், முழுப் பாட்டு வராது. அவளை வளர்க்க முன்வந்த பெண் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அந்தத் துண்டிலிருந்தே ஆரம்பித்து, மீதியைத் தானாக இட்டுக்கட்டிப் பாடித் தூங்கவைக்கிறாள். அது பலித்துவிடுகிறது. பிறகு பல வருடம் அதுவே அந்த வீட்டுத் தாலாட்டு. ஆக, மகளிடம் இருப்பது முதல் வரி பெற்றவளுடையது, மீதி வரிகள் வளர்த்தவளுடையது.

இப்போது அண்ணனும் தங்கையும் சந்திக்கும்போது இரண்டு பேர் பாட்டும் முதல் வரியில் மட்டும் ஒத்துப்போகும். இரண்டாம் வரியில் பிரிந்துவிடும். உங்கள் பழைய வரைவில் பாட்டு கச்சிதமாகப் பொருந்தியது. அதனால்தான் யாரும் நம்பவில்லை. பொருந்தாமல் போனால் அவர்கள் பேசியே ஆக வேண்டும். "உனக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?" "அம்மா." "எந்த அம்மா?" அந்தக் கேள்வியில் அவள் வாழ்க்கை முழுக்கக் கலங்கும். தன்னுடையது என்று நினைத்திருந்த பாட்டில் ஒரே ஒரு வரிதான் பிறந்த வீட்டுடையது. வளர்த்தவளுக்கோ, தான் இட்டுக்கட்டியதற்கு அசல் ஒன்று இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிகிறது. இந்தச் சீனில் அழவேண்டியது யார் என்று என்னைக் கேட்டால், வளர்த்தவளைத்தான் காட்டுவேன்.

அடுத்து, பாட்டை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளும் அவசரம். தென் கொரியாவில் 1983-ல் கே.பி.எஸ். தொலைக்காட்சி, கொரியப் போரில் சிதறிய குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. ஜூன் 30-ல் ஆரம்பித்து 138 நாட்கள், மொத்தம் 453 மணி நேரத்துக்கு மேல் நேரடி ஒளிபரப்பு. 10,189 சந்திப்புகள் நடந்தன. அந்தப் பதிவுகள் 2015-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தன. நிகழ்ச்சிக்கென்றே சில பாட்டுகள் ஒலித்து, நாட்டையே அழவைத்தன. ஆனால் எதிரெதிரே நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டது பாட்டை அல்ல: ஊர்ப் பெயர், அப்பா செய்த வேலை, வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயர், உடம்பில் இருக்கும் தழும்பு. பாட்டு அவர்களைத் தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்காரவைத்தது, கேட்கத் துணிவு கொடுத்தது. நம்பவைத்தது தழும்புதான். இன்றைக்கு நடக்கிற கதை என்றால் டி.என்.ஏ. பரிசோதனையை ஒளித்துவைக்கவே முடியாது, பார்வையாளர் முதலில் அதைத்தான் கேட்பார். ஒளிக்காமல் பயன்படுத்துங்கள். பாட்டைக் கேட்ட பிறகும் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பும் இருக்கிற அந்த இடைப்பட்ட நாட்களில், "அண்ணா" என்று கூப்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு பேர் ஒரே வீட்டில் நடமாடுவது நல்ல சீன்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. இன்றைய கதையில் அண்ணன் பாட்டைப் பாடி இணையத்தில் போட்டுவிடுவான் என்று எழுதத் தோன்றும். மெட்டை முணுமுணுத்தாலே பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் வசதி 2020 முதல் கைபேசித் தேடலிலேயே வந்துவிட்டது. பாட்டு எவ்வளவு பரவுகிறதோ, தொலைந்தவளின் காதில் விழ அவ்வளவு வாய்ப்பு. ஆனால் பரவிய பாட்டு யாருக்கும் தெரியும். நாளைக்கே நான்கு பேர் வந்து "நான்தான் அந்தத் தங்கை" என்பார்கள். தேடுவதற்கு உதவுகிற அளவுக்கு, நிரூபிப்பதற்கு உதவாமல் போகும்.

இதற்கு வழியைத் தமயந்தி எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். காட்டில் விட்டுப் போன நளனைத் தேட அவள் அனுப்பிய அந்தணர்கள் சபை சபையாகப் போய்ச் சொன்னது ஒரு கேள்வி: என் ஆடையில் பாதியை அறுத்துக்கொண்டு, உன்னை நம்பித் தூங்கியவளை விட்டுவிட்டு எங்கே போனாய், சூதாடியே? கேட்கிறவர்கள் யாருக்கும் அதற்குப் பதில் தெரியாது, ஒரே ஒருவனைத் தவிர. உருமாறிப் பாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக இருந்த நளன், சபையில் எல்லோர் முன்பும் வாய் திறக்கவில்லை, தனியாக வந்துதான் கண்ணீரோடு பதில் சொன்னான். அந்தப் பதில் காதுக்கு வந்ததும் தமயந்தி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் இல்லை. இரண்டாம் சுயம்வரம் என்று ஒரு பொய்யைக் கிளப்பி, அவ்வளவு தூரத்தை ஒரே நாளில் ஓட்டிவர அவனால் மட்டுமே முடியும் என்று சோதித்தாள். வந்தவனிடம் தோழியை அனுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள், அவன் சமையலை வரவழைத்து ருசி பார்த்தாள், கடைசியில் பிள்ளைகளை அனுப்பி அவன் முகம் என்ன ஆகிறது என்று பார்க்கச் சொன்னாள். திரைக்கதை எழுதுகிற எல்லோரும் நளன் கதையின் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன். ஒவ்வொரு சோதனையும் முந்தியதைவிட நெருக்கமானது.

ஐரோப்பாவிலும் இதே உத்தி ஒரு கட்டுக்கதையாக உலாவுகிறது. சிறைப்பட்ட இங்கிலாந்து அரசன் முதலாம் ரிச்சர்டைத் தேடி, பிளாண்டெல் என்ற பாடகன் கோட்டை கோட்டையாகப் போய் இருவருக்கும் மட்டும் தெரிந்த பாட்டின் முதல் அடியைப் பாடினானாம், ஒரு கோட்டைக்குள்ளிருந்து அடுத்த அடி கேட்டதாம். வரலாற்றில் அப்படி எதுவும் நடந்ததற்குச் சான்று இல்லை. ஆனாலும் எழுநூறு வருடத்துக்கு மேல் அந்தக் கதை நிலைத்திருக்கிறது, காரணம் அந்தப் பாதிப் பாட்டு.

ஆகவே உங்கள் அண்ணன் பாட்டை வெளியே விடட்டும், ஒரு வரி குறைத்து. அந்த வரி, அம்மா தப்பாகப் பாடிய வரியாகவோ, அவன் ஆறு வயதில் தப்பாகக் காதில் வாங்கிய வரியாகவோ இருக்கட்டும். சரியான வரியை யாரும் ஊகித்துவிடலாம். ஒரு வீட்டுத் தப்பை வெளியாள் ஊகிக்கவே முடியாது. தாலாட்டு இதற்குத் தோதான வடிவம். அத்தை அடித்தாளா, மாமன் அடித்தானா என்று கேட்டுக்கொண்டே பாடுகிறவள் தன் போக்கில் ஆட்களையும் பெயர்களையும் உள்ளே சேர்த்துவிடுவாள். குடும்பமே அதில் பதிவாகியிருக்கும்.

பாட்டைப் போடப்போகும் இசையமைப்பாளரிடம் நீங்கள் சொல்லவேண்டியவை சில. பாட்டுக் கற்றுக்கொள்ளாத ஒரு பெண் பாடுகிற பாட்டு இது. ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கட்டும், நான்கு வரிக்கு மேல் வேண்டாம், எங்கேயாவது ஒரே ஒரு இடத்தில் எதிர்பாராத தாவல் இருக்கட்டும். சுருதி மாறினால் கவலையில்லை. மெட்டின் ஏற்ற இறக்கம் மாறாதவரை எந்த ஸ்தாயியில் பாடினாலும் காது கண்டுபிடித்துவிடும், கைக்குழந்தைகளே கண்டுபிடிக்கின்றன. குரல் உடைந்து ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிய அண்ணன் பாடினாலும் பாட்டு அதேதான். தாளத்தைக் கலைத்தால்தான் ஆபத்து. இரண்டாம் பாதியில் வேகமாக்கி, வயலின் வரிசையெல்லாம் சேர்த்து மேடைப்பாட்டாக மாற்றினால், பழைய தாலாட்டை யாரும் அதில் அடையாளம் காண மாட்டார்கள். நம் படங்களில் அடிக்கடி நடக்கிற தவறு இது.

குரல் பற்றியும் ஒன்று. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரபலப் பாட்டுகளின் பத்தில் ஒரு வினாடித் துண்டைக் கேட்டே, வெறும் ஊகத்தைவிட நன்றாக இன்ன பாட்டு என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு சின்னத் துண்டில் மெட்டுக்கு இடமே கிடையாது, குரலின், வாத்தியத்தின் நிறம்தான் காட்டிக்கொடுக்கிறது. அப்படியென்றால் அம்மாவின் பழைய ஒலிநாடா ஒன்று கிடைத்தால் அது வலுவான சாட்சி. ஆனால் ஐம்பத்தைந்து வயதில் அம்மா நேரில் வந்து பாடினால் அந்தக் குரல் அதே குரலாக இருக்காது, வயதாக ஆகப் பெண் குரல் தணிந்து கனக்கும். மகன் நினைவில் இருக்கும் குரலுக்கும் முன்னால் நிற்கிற அம்மாவின் குரலுக்கும் இடையில் அந்த இருபது வருடம் கேட்கவேண்டும். ஆகவே பின்னணிப் பாடகியை இரண்டு காலத்துக்கும் ஒரே மாதிரி பாடவைக்காதீர்கள்.

காமிராவை யார் மேல் வைப்பது? பாடுகிறவர் மேல் வைக்கத்தான் கை போகும். ஹோமரின் ஒடிசியில் அல்கினூஸ் அரண்மனையில் பாணன் ட்ராய் போரைப் பாடுகிறான். பெயர் சொல்லாமல் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும் ஒடிசியஸ் மேலாடையை முகத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுகிறான். பக்கத்தில் இருக்கும் அரசன் மட்டும் அதைக் கவனிக்கிறான். அங்கே பாட்டு வெளிப்படுத்தியது கேட்டவனை. அடையாளம் கண்டுகொள்ளும் காட்சிகளை வகை பிரித்த அரிஸ்டாட்டில், இதை நினைவால் வரும் கண்டுகொள்ளல் என்று சேர்த்திருக்கிறார். தழும்பு, நகை போன்ற அடையாளங்களைக் கலை குறைந்த வகை என்கிறார். சம்பவங்களின் போக்கிலேயே தானாக வெளிப்படுவதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த வரிசையோடு சண்டை போட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கேட்டவர் உடனே கண்டுகொள்ள வேண்டும் என்றும் இல்லை. எங்கேயோ கேட்டது, எங்கே என்று பிடிபடவில்லை என்ற எரிச்சல்தான் நிஜத்தில் முதலில் வரும். தங்கை முகத்தில் கண்ணீருக்குப் பதில் அந்த எரிச்சலைக் காட்டுங்கள். "அந்தப் பாட்டை நிறுத்துங்களேன்" என்று அவள் சொன்னால்கூடச் சரிதான்.

அம்மாவுக்கு மறதி நோய் வைத்து, பாட்டால் அவளுக்கு நினைவு திரும்புவதாக எழுதலாமா என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள், ஏனென்றால் எல்லோரும் யோசிக்கிறார்கள். இதில் ஒரு பாதி உண்மை. அல்சைமர் நோயில் மூளையின் பல பகுதிகள் தேய்ந்தபின்னும், நீண்டகால இசை நினைவோடு தொடர்புள்ள பகுதிகள் ஒப்பீட்டளவில் தப்பிக்கின்றன என்று 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. கிளைவ் வேரிங் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் 1985-ல் மூளைத் தொற்றுக்குப் பிறகு சில வினாடிகளுக்கு முந்தியதைக்கூட நினைவில் வைக்க முடியாமல் போனார், ஆனால் பியானோ முன் உட்கார்ந்தால் வாசித்தார். பாட்டு மிஞ்சும் என்பதற்குத்தான் இவை சாட்சி. பாட்டோடு மகனின் பெயரும் முகமும் திரும்பி வரும் என்பதற்கு இல்லை. அந்த வழியில் போவதாக இருந்தால் துணிந்து போங்கள்: அம்மா முழுத் தாலாட்டையும், அண்ணனுக்கே மறந்துபோன வரி உட்பட, பிசகாமல் பாடுகிறாள். பாடி முடித்து, "நீ யாரப்பா?" என்று கேட்கிறாள்.

இசை என்றாலே சேர்த்துவைக்கும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் ஓரம் வையுங்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் பிரிந்தது கானல்வரியில், யாழும் பாட்டுமாக உட்கார்ந்திருந்த வேளையில்தான். அவன் வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று அவளும், அவள் வேறொருவனை நினைத்துப் பாடுகிறாள் என்று அவனும் எடுத்துக்கொண்டார்கள். பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கேட்கிறவர் மனசுதான் முடிவு செய்கிறது. உங்கள் கதையிலும் அந்தத் தாலாட்டு மூன்று பேருக்கும் ஒரே அர்த்தம் தரக்கூடாது. 2007-ல் வந்த 'ஆகஸ்ட் ரஷ்' படத்தில், பெற்றோரைப் பார்த்தே இராத சிறுவன் இசைத் திறமையாலேயே அவர்களை வந்தடைகிறான். தேவதைக் கதையாகப் பார்த்தால் ரசிக்கலாம், ஆனால் அங்கே இசை எல்லோருக்கும் ஒரே சேதி சொல்கிறது. நீங்கள் எழுதுவது அந்த வகை இல்லை என்று நினைக்கிறேன்.

முடிவுக்கு இரண்டு முன்மாதிரிகள் கைவசம் இருக்கின்றன, இரண்டும் லவ குசர் கதையிலிருந்தே. வால்மீகியில் பாட்டு பிள்ளைகளைத் தகப்பனிடம் சேர்த்துவிடுகிறது, மனைவியைச் சேர்க்கவில்லை. மறுபடியும் சபை நடுவே சத்தியம் செய் என்றதும் சீதை பூமிக்குள் போய்விடுகிறாள். நடந்த அநியாயம் அப்படியே இருக்கும்போது எவ்வளவு இனிமையான பாட்டும் அதற்கு மேல் என்ன செய்யும்? எட்டாம் நூற்றாண்டில் பவபூதி அதைத் தாங்கமாட்டாமல் தன் நாடகத்தில் எல்லோரையும் சேர்த்துவைத்து முடித்தார். அதற்காக, தகப்பன் தன் தப்புக்காக உருகித் தவிப்பதை நாடகம் நெடுக எழுத வேண்டியிருந்தது.

உங்கள் கதையில் பிரிவுக்குக் காரணம் வெள்ளம். வெள்ளத்தின் மேல் யாரும் கோபப்பட முடியாது, அதனால்தான் சேரும்போதும் எதுவும் கனக்கவில்லை. சின்ன மாற்றம் ஒன்று செய்து பாருங்கள். தண்ணீர் ஏறியபோது தங்கையின் கையைப் பிடித்திருந்தது அந்த ஆறு வயதுப் பையன். பிடியை விட்டதும் அவன்தான். அவனுக்குப் பாட்டு முழுசாகத் தெரியும், இருபது வருடமாக ஒருமுறைகூட வாய்விட்டுப் பாடியதில்லை, யாராவது பாடினாலும் எழுந்து போய்விடுவான். இணையத்தில் போட அவன் ஒருநாள் உட்காருவதே பெரிய முடிவு ஆகிவிடும், குறைத்துப் போடுகிற அந்த ஒரு வரிக்கும் காரணம் கிடைத்துவிடும். கடைசிக் காட்சியில் தங்கை வந்து உட்கார்ந்ததும் அவன் முதலில் சொல்லவேண்டியது கையை விட்ட விஷயத்தை. சொல்லி முடித்து அவள் என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டு, பாட்டு தேவையா என்று முடிவு செய்யுங்கள்.